வாசலில் நின்ற வண்டி

ஒரு வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதால் ஒரு தாயும் பிள்ளையும் பிரிய நேரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. லைசென்ஸ் வாங்கும்போது எட்டுப் போடச் சொன்னார்கள், போட்டேன். அதற்கு மேல் கற்றதெல்லாம் தப்புச் செய்து கற்றதுதான்.

இந்த மாவட்டத்தில் சமூகப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நான் உங்கள் படிப்பைப் படித்தவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மனநலத் திட்டம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் ஜீப் ஓட்டினேன். முதுகில் தட்டு விலகி, இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் ஐம்பத்து மூன்று வயதில் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். சமூகப் பணியாளர் சங்கத்தார் வந்து, "புதுசா வர்ற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசுங்கண்ணே" என்றார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் பேசியே தொலைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். திருப்பாலைக்குடிக்கு வடக்கா தெற்கா என்றுகூடச் சொல்ல மாட்டேன். கடலோரத்தில் ஒரு முஸ்லிம் ஊர், அவ்வளவுதான். அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகே எழுதுகிறேன். பரீதா என்பது நானாக வைத்த பெயர்.

அந்த ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. மகள் பிறந்தால் அவளுக்கென்று வீடு கட்டுவார்கள். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். பரீதாவின் கணவர் துபாயில் வேலை பார்த்தார். அவருடைய உம்மா, பரீதாவின் மாமியார், அடுத்த தெருவில் இருந்தார். ஒருவர் வீட்டில் மீன் பொரித்தால் மற்றவர் வீட்டுக்கு மணக்கும் தூரம்.

பரீதாவுக்குப் பிரசவம் ஆன இரண்டாம் மாதம் தூக்கம் போயிற்று. பிறகு பயம் வந்தது. பிள்ளைக்குக் கொடுக்கும் பாலில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்றாள். அவளுடைய தாயார் சத்தம் காட்டாமல் இராமநாதபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். மாத்திரை பிடித்துக்கொண்டது. மூன்றே மாதத்தில் அவள் பழைய பரீதா ஆகிவிட்டாள். மாத்திரையை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் விடாமல் சாப்பிட வேண்டும். கணவருக்கும் மாமியாருக்கும் "ரத்தம் கம்மி" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

எங்கள் திட்டத்தின் சமூகப் பணியாளர் அவளைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தார். அவரை நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், கடலாடிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். "புருசங்கிட்ட சொல்லணுமா வேணாமா, எப்பச் சொல்லணும்னு பரீதா முடிவு பண்ணட்டும். அது அவ விசயம்" என்பார்.

அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் மேடம் பஸ் நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்வார். குடையை விரித்துக்கொண்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு நடந்து போவார். நான் டீக்கடைப் பக்கம் வண்டியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். ஏன் நடக்கிறார் என்று நான் கேட்டதில்லை. மேடத்துக்குச் சர்க்கரை இருக்கும், டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார் என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்தேன்.

ஒருநாள் அவருக்குக் கால் பிசகியிருந்தது. கணுக்கால் வீங்கிப்போய் இருந்தும் நொண்டிக்கொண்டே நடந்து போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. அரைமணி நேரம் பொறுத்தேன். திரும்பி வரும்போதாவது நடக்காமல் வரட்டுமே என்று வண்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் போனேன். குறுகலான தெரு. பரீதா வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன். நான் வந்திருப்பது தெரியட்டும் என்று இரண்டு முறை ஹாரனும் அடித்தேன்.

வண்டியின் இரண்டு பக்கக் கதவிலும் 'மனநலத் திட்டம்' என்று ஒரு முழ உயரத்தில் எழுதியிருக்கும். அன்று காலைதான் கழுவித் துடைத்திருந்தேன். எழுத்து பளிச்சென்று இருந்தது.

சாயங்கால அசர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்த நேரம். ஒருவர் நின்றார். அவரைப் பார்த்து இன்னொருவர் நின்றார். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. மேடம் கதவைத் திறந்து வெளியே வந்தவர், வண்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஏறி உட்கார்ந்து, "எடுங்கண்ணே" என்றார். இராமநாதபுரம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கால் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

விசயம் எனக்குப் புரிந்தது இரண்டு நாள் கழித்து, வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, அதே ஊர் டீக்கடையில்.

"என்ன காக்கா, எங்க தெருவுல யாருக்குப் பைத்தியம்?" என்று டீ மாஸ்டர் கேட்டார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் இல்லீங்க. அந்த வீட்ல ரத்தம் எடுக்க வந்தோம். ரத்தம் எடுக்குற வண்டி ரிப்பேரு, அதான் இந்த வண்டி."

டீ மாஸ்டர் பாய்லரை விட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார். "ரத்தமா? வீடு தேடி வந்து ரத்தம் எடுக்குறாங்கன்னா... அந்தச் சீக்கா காக்கா?"

ஒரு நோய் போதாதென்று எய்ட்ஸ் என்ற பேச்சையும் அந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு வந்தேன். பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்று உங்களுக்கும் ஒருநாள் தோன்றும். தோன்றும்போது அந்த டீ மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு பொய்தான் சொல்வோம், மிச்சத்தை ஊர் சொல்லிவிடும்.

மறுநாள் பரீதாவின் மாமியார் வந்து, ஏழு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். "அவளுக்கு என்னன்னு தெரியிற வரைக்கும் என் பேரன் என் வீட்ல இருக்கட்டும்" என்று சொன்னாராம். பரீதா மாத்திரையைக் கொல்லைக் கிணற்றில் வீசிவிட்டாள். மாத்திரை தின்றால்தானே பைத்தியம் என்பார்கள், தின்னாவிட்டால் என்ன சொல்வார்கள் என்று கேட்டாளாம். மேடம் போனபோது அவளுடைய உம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே பேசினார்.

"நல்லா இருப்பீங்க, போயிருங்கம்மா. உங்க வண்டியால எம்மக வாழ்க்கையே சந்திக்கு வந்துருச்சு. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

நான் தெருமுனையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை மேடத்துக்குச் சொன்னது இல்லை, எனக்கு.

அலுவலகத்தில் என்னை நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. மேடம், "இந்த மாசச் சங்கக் கூட்டம் முடியட்டும் சார்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சங்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: சமூகப் பணி படித்தவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அரண்மனைப் பக்கம் ஒரு மாடியில் கூடுவார்கள். நான் கீழே வண்டியில் இருப்பேன். சம்பள உயர்வு கேட்கிற சங்கம் என்று நினைத்திருந்தேன். அந்த மாதம் மேடம், "நீங்களும் மேல வாங்கண்ணே" என்றார். பத்துப் பேர் முன்னால் வைத்து வேலையை விட்டு எடுக்கப் போகிறார்கள் என்று தீர்மானித்துக்கொண்டு படியேறினேன்.

மேலே பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, குழந்தைகள் பாதுகாப்பில் இருக்கும் தாடி வைத்த ஒரு தம்பி, ராமேஸ்வரத்தில் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண், இன்னும் சிலர். நடுவில் வழுக்கைத் தலையோடு ஓய்வுபெற்ற ஒருவர். அவரை எல்லோரும் சார் என்றார்கள்.

"பேரு வேணாம், ஊரு வேணாம். நடந்தத மட்டும் சொல்லுங்க" என்றார் அந்த சார்.

மேடம் சொன்னார். "என் கேஸ்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. தப்பு என்னுது. நான் ஏன் தூரமா இறங்கி நடந்து போறேன்னு மூணு வருசமா இந்த அண்ணன்கிட்ட ஒருநாள்கூடச் சொல்லல. தெரிஞ்சிருக்கும்னு நினைச்சிட்டேன். அவரு என்ன நினைச்சிருந்தாருன்னு நீங்களே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாயைப் பார்த்தேன். "சுகருன்னு நினைச்சேங்க" என்றேன்.

சிரித்துவிட்டார்கள். மேடமும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் பிள்ளை போன கதையையும், மாத்திரை கிணற்றுக்குப் போன கதையையும் சொல்லச் சொல்ல அந்த அறையில் சத்தம் அடங்கிவிட்டது.

தாடிக்காரத் தம்பிதான் முதலில் பேசினார். "பால்குடி மாறாத பிள்ளை. சட்டப்படி தாய்கிட்டதான் இருக்கணும். ஒரு மனு போதும் மேடம். போலீஸோட போயி நாளைக்கே தூக்கிட்டு வந்துரலாம்."

"தூக்கிட்டு வந்துரலாம் தம்பி" என்றார் சார். "நாளான்னைக்கு அந்தப் பொண்ணு அதே தெருவுலதான குடியிருக்கணும்? அந்த மாமியாரு மூஞ்சியிலதான முழிக்கணும்?"

"அதுக்குன்னு சும்மா இருக்கச் சொல்றீங்களா சார்?"

"சும்மா இருக்கச் சொல்லல. சட்டத்த இடுப்புல வச்சுக்க, கையில எடுக்காதங்கிறேன்."

ஆஸ்பத்திரி அம்மா குறுக்கே வந்தார். "பிள்ளை அப்புறம். மாத்திரை நின்னு எத்தனை நாளாச்சு? மொதல்ல அதப் பாக்கணும். அவங்க உம்மாவுக்கு என்னை வார்டுலயே தெரியும். நாளைக்கு நான் பஸ்ல போறேன். எங்க மேல கோவமில்லைல்ல?"

அவருக்குப் பெயர் சொல்லாமலே யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் பெயரையோ ஊரையோ அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாளே போனார். கதவு திறந்தது. கிணற்றில் போட்ட மாத்திரைக்குப் பதில் புது மாத்திரை வந்தது. ஒருவர் தட்டித் திறக்காத கதவை இன்னொருவர் தட்ட வேண்டும், அதற்கு அந்த இன்னொருவரைப் பழகி வைத்திருக்க வேண்டும். சங்கம் எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரிந்த முதல் பதில் இதுதான்.

ஆனால் பிள்ளை? மறுபடியும் பேச்சு அங்கேயே வந்து நின்றது. சார் திடீரென்று என் பக்கம் திரும்பினார். "அண்ணே, அந்தத் தெரு எங்க யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க."

அந்த மாதிரிப் படித்தவர்கள் என்னிடம் வழிதான் கேட்பார்கள், யோசனை கேட்டதில்லை. நான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னேன்.

"வண்டி அங்கன மறுபடியும் போகணுங்க."

"போயி?"

"ஒரு வாசல்ல நின்னதாலதான் பேசுறாங்க. எல்லா வாசல்லயும் நின்னா என்னத்தப் பேசுவாங்க?"

தாடிக்காரத் தம்பி, "கதவுல இருக்க எழுத்த மறைச்சிருவோமா?" என்றார்.

"வேணாங்க. அது இருக்கட்டும். ஒருக்க பொய் சொல்லி மறைச்சுத்தான் அந்தச் சீக்குப் பேச்சு வந்துச்சு" என்றேன்.

பிறகு மேடம் சொன்னார்: "வெறுமனே நிக்கக் கூடாது. அதுவும் பொய்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் நெசமாவே ஒரு வேலை இருக்கணும்." ராமேஸ்வரத்துப் பெண் உடனே, "தூக்கம் வருதான்னு கேப்போம் மேடம். புருசன் வெளிநாட்டுல, பிள்ளை பரீட்சையில, மாமியாருக்கு மூட்டு வலி. தூங்காதவங்க எல்லா வீட்லயும் இருப்பாங்க" என்றார். அதுதான் திட்டம். வேறு ஒன்றும் இல்லை.

ஜமாஅத் தலைவரிடம் அனுமதி கேட்க சாரும் மேடமும் போனார்கள், நான் பின்னால் நின்றேன். தலைவர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கணீரென்ற குரல்.

"எங்க ஊர்ல பைத்தியமே கிடையாது" என்றார்.

"சரிங்க பாய்" என்றார் சார். "தூக்கம் வராதவங்க?"

தலைவர் தாடியைத் தடவினார். "அது இல்லாத வீடு ஏது?"

"அவங்களத்தான் பாக்க வாரோம்."

"அந்த வண்டியிலயா?"

"அதே வண்டியிலதான்."

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எந்த வீட்டுக்காக வருகிறோம் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். யாருக்கும் இது அவர்கள் வேலை இல்லை. லீவு நாளைக் கொடுத்தார்கள். எந்த வீட்டுக்காக இத்தனையும் என்று அவர்களில் பத்துப் பேருக்குக் கடைசிவரை சொல்லவே இல்லை. தெருவில் காதில் விழுந்திருக்கலாம். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

தெருவின் முதல் வீட்டில் நிறுத்தப் போனேன். உள்ளேயிருந்து ஒருவர் ஓடிவந்தார். "இங்கன நிப்பாட்டாதீங்க காக்கா! மகளுக்கு நிக்காஹ் பேசிக்கிட்டு இருக்கு!" இரண்டாம் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முழித்தேன். என் யோசனை முதல் வாசலிலேயே செத்துப்போயிற்று என்று நினைத்தேன். அப்போது பள்ளிவாசல் பக்கமிருந்து தலைவரின் குரல் கேட்டது.

"ஏம்ப்பா டிரைவர்! என் வீட்டு வாசல்ல கொண்டாந்து மொதல்ல நிப்பாட்டு!"

கொண்டுபோய் நிறுத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. மேடமும் ராமேஸ்வரத்துப் பெண்ணும் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் தலைவருடைய மனைவியின் குரல் ஜன்னல் வழியாக வெளியே வந்தது.

"தூக்கமா? கப்பல விட்டு இவரு வந்த நாள்லேருந்து எனக்குத் தூக்கம் இல்லம்மா. கொறட்டையில ஓட்டுக் கூரை ஆடுது. அத எழுதிக்கங்க!"

தெருவில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் சாத்தியிருந்த இரண்டு கதவு திறந்தது. தலைவர் மட்டும் சிரிக்காமல், "எழுதிக்கங்க, எழுதிக்கங்க" என்றார்.

அன்று ஒன்பது வாசலில் நின்றேன். பரீதா வீடு ஏழாவது. மற்ற வாசல்களில் நின்ற அளவுக்குத்தான் அங்கேயும் நின்றேன், ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேடத்தைப் பார்த்து அவளுடைய உம்மா கதவைத் திறந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம்.

இரண்டாம் ஞாயிறு அடுத்த தெருவுக்கும் போனோம். எல்லோரும் வரவேற்றார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. சிலர் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. ஒருவர் என் முகத்துக்கு நேராகவே, "ஊரையே பைத்தியமாக்க வந்துட்டாங்க" என்றார். ஆனாலும் மூன்றாம் ஞாயிறு ஒரு வயதான அம்மா வண்டிக்குக் குறுக்கே வந்து நின்று, "ஏலே, அந்த வீட்ல நின்ன, இந்த வீட்ல நின்ன. எங்க வீட்ல மட்டும் என்ன, ஆடா மாடா குடியிருக்கு?" என்று சண்டை பிடித்தார். எனக்கு அன்று மத்தியானம் சோறு ருசித்தது.

அதே மூன்றாம் ஞாயிறுதான் பரீதாவின் மாமியார் என்னிடம் வந்தார். ஆஸ்பத்திரி அம்மா பக்கத்து வீட்டுக்குள் இருந்தார். நான் வண்டியில் தனியாக இருந்தேன். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு ஜன்னல் ஓரம் வந்து நின்றார். இடுப்பில் பேரன். அவனை அத்தனை கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். வண்டியின் கண்ணாடியைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"அன்னைக்கு அவ வீட்டு வாசல்ல வந்து நின்னது நீதானே?"

"ஆமாங்கம்மா."

"அல்லாவுக்குப் பயந்து சொல்லு. எம்மருமகளுக்கு என்ன?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். எனக்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லலாம். அந்தப் பொய்யின் வண்டவாளத்தை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். இல்லையென்றால் உண்மையைச் சொல்லி, இப்போது குணமாகிவிட்டாள் என்று சேர்த்துச் சொல்லலாம். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் கெட்டவராகத் தெரியவில்லை. பேரனுக்காகப் பயந்த முகம். சொல்லிவிட்டால் பிள்ளை இன்றைக்கே தாயிடம் போய்விடும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் சொல்ல வேண்டியவள் பரீதா. அவள் சொல்லாத ஒன்றை நான் எடுத்துக் கொடுத்தால், முன்பு வாசலில் நிறுத்தியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

"அம்மா, நான் எந்த வீட்டுக் கதையையும் இன்னொரு வீட்ல சொல்ல மாட்டேன்" என்றேன். "நாளைக்கு நீங்க உங்க உடம்பப் பத்தி ஏதாவது சொன்னாலும் அதையும் சொல்ல மாட்டேன். உங்க மருமககிட்டக்கூட."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பேரனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "உள்ள இருக்க அந்தம்மா எங்க வீட்டுக்கும் வருமா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரி அம்மா போனார். ஒருமணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். மாமியார் என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதில்லை என்று சொன்னால் அது பொய். ஆசைப்பட்டேன், கேட்கவில்லை.

அந்த வாரம் பரீதா கணவரிடம் தானே சொன்னாள். வீடியோ காலில், மேடத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. "பேச்சு தடுமாறுனா கையப் பிடிங்க மேடம்" என்று கேட்டிருந்தாளாம். தடுமாறவில்லை. கணவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவர், "மாத்திரை பேர எழுதி அனுப்பு" என்றார். அனுப்பினாள். அங்கே ஒரு டாக்டரிடம் காட்டி விசாரித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து உம்மாவைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் கொண்டுபோய் விடச் சொன்னார். அதன் பிறகும் ஆறு நாள் பிள்ளை வரவில்லை. தாடிக்காரத் தம்பி போன் போட்டு, "இன்னும் எத்தன நாளு மேடம்?" என்று குதித்தார். "மகன் சொன்னான்னு கொண்டாந்து விட்டா அது உத்தரவு. அவங்களுக்கா தோணட்டும், இன்னும் ரெண்டு நாளு பாப்போம்" என்றார் மேடம். அந்த ஆறு நாளும் மேடமும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது வண்டியில் டிபன் டப்பாவைத் தூக்கி வைக்கும்போது அதன் கனத்திலேயே எனக்குத் தெரியும்.

அடுத்து வருவதைச் சொல்லும் முன் ஒரு வார்த்தை. நீங்கள் படித்த படிப்பில் ரகசியம் காப்பது பற்றிப் பெரிய பாடம் இருக்கும். அந்தப் பாடத்தை உங்கள் டிரைவருக்கும், வாட்ச்மேனுக்கும், டீ வாங்கி வருகிறவருக்கும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். ஏன் நடக்கிறீர்கள், ஏன் கதவைச் சாத்துகிறீர்கள், ஏன் போனை வெளியே போய்ப் பேசுகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள், என்னைப் போல. தப்பு நடந்துவிட்டால் அதை ஒளிக்காமல் அந்தச் சனிக்கிழமைப் பாயில் கொண்டுவந்து வையுங்கள். அங்கே உங்களைத் திட்டுவார்கள், சிரிப்பார்கள், பிறகு லீவு நாளில் உங்களோடு பஸ் ஏறி வருவார்கள். நான் பார்த்தேன்.

ஏழாம் நாள் நாங்கள் பரீதா வீட்டில் இருந்தோம். நான் வழக்கம்போல வெளி அறையில், செருப்பு கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில். மத்தியான வெயிலில் மாமியார் தெருவழியே நடந்து வந்தார். இடுப்பில் பிள்ளை, தோளில் பிள்ளைத் துணி வைத்த பை. தெருவில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்பது போல மெதுவாகத்தான் வந்தார். உள்ளே வந்து பிள்ளையைப் பரீதாவின் கையில் கொடுத்தார். மன்னிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை.

"மாத்திரைய நேரத்துக்குத் தின்னு" என்றார். "இவனுக்குக் கேப்பைக் கூழு பழக்கியிருக்கேன். சாயந்தரம் ஆனா சிணுங்காம இருக்கமாட்டான். அத நீ தாங்கணும்."

"தாங்குவேன் மாமி" என்றாள் பரீதா.

பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தான். ஐந்து வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடையாளம் தெரியவில்லை. உதடு பிதுங்கியது, பிறகு வீறிட்டான். உடம்பை வளைத்து மாமியார் பக்கம் இரண்டு கையையும் நீட்டி அழுதான். பரீதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளுடைய உம்மா ஒரு அடி முன்னால் வந்தார். நானும் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். வாங்கிச் சமாதானம் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். உட்கார்ந்தேன்.

எல்லோரும் மாமியாரைத்தான் பார்த்தோம். அவர் வாங்கினால் அந்த நிமிடமே அழுகை நிற்கும். எல்லோருக்கும் அது தெரியும். அவருக்கும் தெரியும். அவர் கண் பிள்ளையை விட்டு நகரவில்லை. ஆனால் இரண்டு கையையும் துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டு, சுவரோடு சாய்ந்து நின்றார்.

பரீதா நடக்க ஆரம்பித்தாள். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, தோளில் தட்டிக்கொண்டே, என்னவோ முணுமுணுத்துக்கொண்டே. பிள்ளை அழுதுகொண்டே இருந்தான். மேடம் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்கண்ணே, போவோம்."

"இன்னும் அழுறானே மேடம்."

"அழட்டும். அவங்க பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.